சவன்னாக் காட்டின் வாயு, நீர், ஆற்றல் பரிமாற்றத்தை அளக்கும் முறை

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு அருகிலுள்ள ஹோவர்ட் ஸ்பிரிங்ஸ் யூகலிப்டஸ் சவன்னாவில் (புல்தரையில் மரங்கள் இடைவிட்டு நிற்கும் காட்டில்) செய்திருப்பதுபோல், மர உச்சிகளுக்கு மேலே உயரும் கோபுரத்தை, எத்திசையிலும் ஒரே தன்மையான காடு பரந்திருக்கும் சமதளத்தில் நிறுவ வேண்டும். அதன் உச்சியில் ஒலியலைக் காற்றுமானியையும் (ஒலியலைகளால் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி) அகச்சிவப்பு வாயுப் பகுப்பாய்வியையும் (அகச்சிவப்பு ஒளியால் வாயுக்களின் அளவை அறியும் கருவி) அருகருகே பொருத்தி, காற்றின் செங்குத்து வேகம், வெப்பநிலை, கரியமில வாயு, நீராவி ஆகியவற்றை நொடிக்கு 10 முறையாவது பதிவுசெய்து, 30 நிமிடங்களுக்கு ஒருமுறை அவற்றின் உடன்மாறுபாட்டை, அதாவது செங்குத்து வேகத்தோடு மற்றவை எந்த அளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைக் கணக்கிட வேண்டும்; பரிமாற்றத்தின் அளவு இதிலிருந்தே கிடைக்கிறது. திறந்த பாதை வகை (ஒளிக்கற்றை வெளிக்காற்றினூடே செல்லும்) வாயுப் பகுப்பாய்வியின் கண்ணாடியில் மழைத்துளி தங்கிய அரைமணிப் பதிவுகளைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

காற்று அசையாத இரவுகளே மிகக் கடினமானவை. மண்ணும் வேர்களும் வெளியிடும் வாயு கோபுரத்தை எட்டாமல் கீழேயே தேங்கிவிடுவதால், கொந்தளிப்பு குறைந்த அந்த நேரங்களையும் விலக்கியாக வேண்டும். வறட்காலத் தீயில் நேரடியாக வெளியேறும் கார்பனைக் கோபுரம் முறையாகப் பிடிக்காது. எரிந்த புல், சருகுகளின் எடையைக்கொண்டு அதைத் தனியே மதிப்பிடுங்கள்.