எண்ணெய் மிச்சமாகும் என்று நம்பி காரில் செய்யக் கூடாதவை

சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் குடியிருந்து ரவாங்கிலோ சுங்கை பூலோவிலோ வேலை பார்ப்பவருக்கு, வாடகைக்கு அடுத்தபடி கையைக் கடிப்பது எண்ணெய்க் காசுதான், அதாவது பெட்ரோல் செலவு. இஜோக் வரைக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். அப்புறம் லாத்தார் நெடுஞ்சாலையில் ஏறியதும் விட்ட நேரத்தைப் பிடிக்கக் கால் தானாக அமுக்கும். இரண்டுமே எண்ணெய் குடிக்கும் ஓட்டம். இந்தச் சமயத்தில்தான் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒருவர் சின்ன டப்பா ஒன்றை நீட்டுவார்: "அண்ணே, இத மாட்டுங்க, இருபது விழுக்காடு மிச்சம்."

டப்பாவைக் கையில் வாங்குவதற்கு முன் கணக்கைப் போட்டுவிடுங்கள். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது என்றால் 100 லிட்டர் வேண்டும். 2025 செப்டம்பர் 30-இல் பூடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் தகுதியுள்ள மலேசியர் எல்லாருக்கும் தொடங்கியபோது வைத்த 1.99 வெள்ளி விலையில் அது 199 வெள்ளி. இதில் 3 விழுக்காடு மிச்சம் பிடித்தால் மாதம் 6 வெள்ளி. 150 வெள்ளி கொடுத்து வாங்கிய சாமான் உண்மையிலேயே 3 விழுக்காடு மிச்சம் தந்தாலும், போட்ட காசை எடுக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். தராவிட்டால்? பெரும்பாலும் தராது.

எண்ணெய்க் குழாயில் கட்டும் காந்தம், காற்றுக் குழாய்க்குள் செருகும் காற்றாடி, பேட்டரியில் மாட்டும் வோல்ட் ஸ்டெபிலைசர், தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் தரும் புட்டி, டேஷ்போர்டுக்கு அடியில் செருகினால் பச்சை விளக்கு மினுக்கும் பிளக் என்று வகைக்குக் குறைவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை ஆராய்ந்திருக்கிறது. சொல்லும்படியாக எண்ணெயை மிச்சப்படுத்திய ஒன்றைக்கூட அது காணவில்லை. ஹைட்ரஜன் புட்டியை எடுத்துக்கொள்வோம். தண்ணீரைப் பிரிக்கும் மின்சாரம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது, ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது எஞ்சின், எஞ்சினுக்குத் தீனி பெட்ரோல். போகிற வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வீணாகிறது. வருவது போனதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

ஏர் ஃபில்டர் விஷயத்தில் பலருக்கும் பழைய நினைப்பு. கார்புரேட்டர் வைத்த பழைய கான்சில் கார் காலத்தில் அடைத்த ஃபில்டர் எண்ணெயைக் கூட்டியது உண்மை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் காற்று குறைந்தால் எஞ்சின் கம்ப்யூட்டர் எண்ணெயையும் குறைத்துவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009-இல் சோதித்தபோது, அடைத்த ஃபில்டரை மாற்றியதால் வண்டியின் இழுவை நன்றானது. எண்ணெய்ச் செலவு அசையவில்லை. தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்கு ஃபில்டரை அடிக்கடி பார்க்கத்தான் வேண்டும், அது எஞ்சினைக் காப்பாற்ற. பெட்டியையே கழற்றிவிட்டுக் கூம்பு மாதிரித் திறந்த ஃபில்டர் போடுவது சுத்த வீண். சத்தம் கூடும், பானெட்டுக்குள் கொதிக்கும் காற்றையே எஞ்சின் இழுக்கும், மண்தூசும் கூடவே போகும்.

இதைவிட மோசமான ஒரு வேலை நம் பட்டறைகளில் சர்வ சாதாரணமாக நடக்கிறது. வண்டி சூடேறுகிறது என்று கொண்டுபோனால், போமன் (மெக்கானிக்) தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூரப் போட்டுவிடுவார். கேட்டால், "இந்த ஊரு வெயிலுக்கு அது எதுக்குண்ணே, பனியா பெய்யுது?" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தெர்மோஸ்டாட்டின் வேலை வெளி வெயிலைப் பார்ப்பதில்லை. எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீர் 80, 90 டிகிரிக்கு ஏறும்வரை ரேடியேட்டருக்குப் போகிற வழியை அடைத்து வைப்பதுதான் அதன் வேலை. அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலைக் காற்றில் எஞ்சின் சூடாகவே சூடாகாது. எஞ்சின் இன்னும் குளிர்ந்து கிடக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொடுக்கும் கூடுதல் எண்ணெயை வழி நெடுகக் கொடுத்துக்கொண்டே வரும். எஞ்சின் எண்ணெயும் சரியான சூட்டுக்கு வராமல் தேய்மானம் கூடும்.

பழைய கார் வாங்கியவர்கள் இதைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். வீட்டிலிருந்து கிளம்பி இஜோக் தாண்டியும் சூட்டு ஊசி நடுவுக்கு வராமல் கீழேயே கிடந்தால் சந்தேகப்படுங்கள். ஊசி இல்லாத வண்டிகளில் எஞ்சின் குளிர்ந்திருப்பதைக் காட்டும் நீல விளக்கு அணைய வெகு நேரம் எடுக்கும், நெடுஞ்சாலையில் மறுபடி எரிந்தாலும் எரியும். தெர்மோஸ்டாட் பெரிய விலைச் சாமான் இல்லை. திரும்பப் போடச் சொல்லுங்கள். வண்டி சூடேறியதற்கு உண்மையான காரணம் அடைத்த ரேடியேட்டரோ, சுற்றாத விசிறியோ, வாட்டர் பம்போ, அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டயர் காற்றில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. குறைவாக ஓட்டுவது தெரிந்த கதை. நான்கு டயரிலும் 1 பிஎஸ்ஐ குறைந்தால் எண்ணெய் சுமார் 0.2 விழுக்காடு கூடும். இதைக் கேள்விப்பட்டு 40, 45 என்று அடித்துக்கொண்டு போவது மறுபக்கத் தவறு. டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், மழையில் ஈரச் செம்மண் படிந்த வளைவில் பிடிமானம் போய்விடும். டயர் ஓரத்தில் அச்சடித்திருக்கும் எண் உச்ச அளவு. உங்களுக்கு வேண்டிய எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். எண்ணெய் நிலையத்து மெஷின் கேபிஏ கணக்கில் இருந்தால் 220 என்பது ஏறக்குறைய 32 பிஎஸ்ஐ. காலையில் டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஓட்டிச் சூடான டயரில் காட்டும் கூடுதலைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

14 அங்குலத்தில் வந்த பழைய மைவி காருக்கு 16 அங்குல ஸ்போர்ட் ரிம் போட்டுவிட்டு எண்ணெய் மிச்சம் பற்றிப் பேசுவது எனக்குப் புரிவதில்லை. ரிம் கனம், டயர் அகலம், இரண்டும் எண்ணெய் கேட்கும். அழகுக்காகப் போட்டேன் என்றால் சரி, அது வேறு பேச்சு. இதில் மீட்டர் வேறு ஏமாற்றும். டயரின் வெளிவிட்டம் 3 விழுக்காடு கூடினால், வண்டி 100 கிலோமீட்டர் ஓடியிருக்க மீட்டர் 97 என்று காட்டும். சிறிய டயர் போட்டால் அதுவே தலைகீழ், ஓடாத தூரத்தையும் சேர்த்துக் காட்டும். டயர் மாற்றியதும் மிச்சமாகிவிட்டது என்று கோப்பிக் கடையில் சத்தியம் செய்பவர்களில் சிலருக்கு இதுதான் நடந்திருக்கும்.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போகக் கூரையில் பூட்டிய கேரியர் சித்திரை வரைக்கும் அப்படியே கிடக்கும். கூரையில் பெரிய பெட்டி இருந்தால் நெடுஞ்சாலை ஓட்டத்தில் 6 முதல் 17 விழுக்காடு வரை எண்ணெய் கூடும். வெறும் கம்பிக்கும் காற்று தடைதான். கழற்றுவதற்கு ஒரு ஸ்பேனர் போதும். பின்னால் கிடக்கும் ஸ்பீக்கர் பெட்டி, பழைய பேட்டரி எல்லாவற்றையும் இறக்குங்கள். 45 கிலோ கூடினால் சுமார் 1 விழுக்காடு செலவு.

ரோன் 95 பெட்ரோலுக்குச் செய்த வண்டிக்கு ரோன் 97 ஊற்றினால் மைலேஜ் ஏறாது. கையேட்டில் 0டபிள்யூ-20 என்று போட்டிருக்க, 'பழைய வண்டிதானே' என்று தடித்த எஞ்சின் எண்ணெய் ஊற்ற விடாதீர்கள், 1, 2 விழுக்காடு அதிலேயே போய்விடும். சத்தம் போடும் எக்ஸாஸ்ட் மிச்சம் எதுவும் தராது, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் சம்மன் வேண்டுமானால் தரும்.

சேற்றுச் சாலையில் ஓடும் கார்களுக்கு இன்னொன்று. பிரேக் கேலிப்பர் மண் ஏறிச் சிக்கி, மிதியை விட்ட பிறகும் பேடு டிஸ்கை உரசிக்கொண்டே வரும். வண்டியை நிறுத்தியதும் ஒவ்வொரு ரிம்முக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். முன் இரண்டில் ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கேதான் எண்ணெய் கரைகிறது. கேலிப்பர் நகரும் பின்களைக் கழற்றித் துடைத்து கிரீஸ் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எதைச் செய்தாலும் அளக்கிற விதம் தப்பாக இருந்தால் பயனில்லை. இருபது வெள்ளிக்கு ஊற்றிவிட்டு ஊசி எங்கே நிற்கிறது என்று பார்ப்பது அளவே இல்லை. ஒரே பம்பில், முதல் 'டக்' சத்தம் கேட்கும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரைச் சுழியமாக்குங்கள். அடுத்த முறை அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். மாற்றத்துக்கு முன் மூன்று டாங்கி, பின் மூன்று டாங்கியாவது பார்க்க வேண்டும். புதுச் சாமான் மாட்டியவர் கொஞ்ச நாளைக்கு அதையே நினைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டுவார், அந்த மிச்சம் முழுக்கச் சாமானின் பெயரில் போய்விடும். பள்ளி விடுமுறை வாரங்களைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அப்போது ரவாங் வரை சாலை காலி, எதை மாட்டினாலும் மிச்சம் காட்டும்.