வேலையை விட்டு மீண்டும் படிக்கச் செல்வோர் கல்விக் கடனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, மேல்பதவிக்காகவோ துறை மாறுவதற்காகவோ மீண்டும் கல்லூரிக்குச் செல்பவர் வாங்கும் கடன், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர் வாங்கும் கடனைப் போன்றதன்று. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் தொடர்ந்துகொண்டிருக்க, மாதச் சம்பளம் மட்டும் நின்றுவிடுகிறது. கட்டணத்தைக் கணக்கிட்டுவிட்டு, இழக்கப்போகும் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதிலிருந்தே பலருடைய சிக்கல் தொடங்குகிறது.

தவணை தொடங்காத காலத்தை வட்டியில்லாக் காலம் என்று எண்ணுவதே மிகுந்த செலவு வைக்கும் தவறு. இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, படிப்புக் காலத்திலும் அதன் பின் ஓராண்டு வரையிலும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் கல்லூரிக்குப் பணம் சென்ற நாள் முதலே தனிவட்டி ஏறி, தவணை தொடங்கும்போது அசலோடு சேர்ந்துவிடும். ஈராண்டுப் படிப்புக்கு 10 சதவீத வட்டியில், ஆண்டுக்கு 2.5 லட்சமாக 5 லட்சம் ரூபாய் பெற்றவருக்கு, மூன்றாம் ஆண்டின் முடிவில் கடன் 6.25 லட்சமாகியிருக்கும். அதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் 8,260 ரூபாய். வட்டியை அவ்வப்போது கட்டியிருந்தால் சுமார் 6,610 ரூபாய்தான். படிக்கும்போதே வட்டி கட்டுவோருக்குப் பல வங்கிகள் விகிதத்தில் 1 சதவீதம் வரை குறைக்கவும் செய்கின்றன.

இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. வருமான வரிச் சட்டப்படி (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80இ பிரிவு), கல்விக் கடனுக்கான வட்டி முழுவதையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றாலும், வட்டி கட்டத் தொடங்கும் ஆண்டையும் சேர்த்து எட்டு ஆண்டுகளுக்கே அச்சலுகை கிடைக்கும். அதுவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும். வருமானமே இல்லாத மாணவப் பருவத்தில் வட்டி கட்டினால் அந்த ஆண்டுகளின் சலுகை வீணாகும். இருந்தாலும், குறைந்த வரி வரம்பில் இருப்பவருக்கு அசல் பெருகாமல் காப்பதே இலாபம் என்பது என் கணிப்பு.

முப்பது வயதைக் கடந்தால் வங்கியில் கல்விக் கடன் கிடைக்காது என்று தாமாகவே முடிவு செய்து, தனிநபர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவது மற்றொரு தவறு. மாதிரித் திட்டத்தில் வயது வரம்பு கிடையாது. மணமானவருக்கு வாழ்க்கைத்துணையோ மாமனார், மாமியாரோ இணைக் கடன்தாரராகலாம். தனிநபர் கடனில் படிப்புக்கால விடுப்பும் இல்லை, 80இ சலுகையும் இல்லை, அடுத்த மாதமே தவணை வந்து நிற்கும். ஆனால் ஏற்கெனவே தவறிய கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் கல்விக் கடனும் தடைபடலாம் என்பதால், விண்ணப்பிக்கும் முன், கடன்களைத் திருப்பிக் கட்டிய வரலாற்றைக் காட்டும் தம்முடைய சிபில் அறிக்கையையும் இணைக் கடன்தாரருடைய அறிக்கையையும் பார்த்துக்கொள்வது நல்லது.

படிப்பின் தகுதியை விளம்பரத்தை வைத்து முடிவு செய்யவே கூடாது. தொலைநிலைப் படிப்பாயின், சேரும் ஆண்டுக்கு அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அந்தப் படிப்புக்கும் அனுமதி உள்ளதா என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பார்க்க வேண்டும். பொறியியல், செவிலியம், சட்டம் ஆகியவற்றைத் தொலைநிலையில் நடத்த அனுமதியே இல்லை. தமிழக அரசுப் பணியைக் குறிவைப்பவர், பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டம் அங்கே ஏற்கப்படாது என்பதைக் கடன் வாங்குவதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.

தேர்தலுக்குத் தேர்தல் பேசப்படும் கடன் தள்ளுபடியை நம்பித் தவணையை நிறுத்துவோரும் உண்டு. நிலுவை 90 நாள்களைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகும். இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டவரின் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து விழும். படிப்பு முடிந்தும் வேலை கிடைக்கவில்லையென்றால், தவணை தவறுவதற்கு முன்பே கிளை மேலாளரிடம் எழுத்துமூலம் கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். வேலையின்மைக் காலத்துக்கு இரண்டு மூன்று முறை வரை தவணை விடுப்புத் தரலாம் என்று மாதிரித் திட்டமே சொல்கிறது.