மீன்குஞ்சு பொரிப்பகங்கள்: எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதால் நேரும் தவறுகள்

கட்லா, ரோகு, மிர்கால் போன்ற பெருங்கெண்டைகள் தேங்கிய குளத்து நீரில் இயல்பாக முட்டையிடுவதில்லை. 1957இல் ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரியும் கே. எச். அலிகுஞ்ஞியும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்யும் வரை, மீன் வளர்ப்போர் மழைக்காலத்தில் ஆற்று வெள்ளத்திலிருந்து பிடித்த குஞ்சுகளையே, வேண்டாத இனங்களும் கலந்த நிலையில், பெரும்பாலும் நம்பியிருந்தனர். இன்று ஒரு கிலோ எடையுள்ள பெண் ரோகுவிடமிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் கிடைப்பதால், ஒரு சில மீன்களே ஆண்டு முழுவதற்கும் போதும் என்று பண்ணையாளர் நினைத்துவிடுகிறார்.

முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது. ஒரே தாய், தந்தையரின் வாரிசுகளையே மீண்டும் மீண்டும் இணை சேர்ப்பதால் உள்ளினப்பெருக்கம் மிகுந்து, வளர்ச்சியும் நோய் எதிர்ப்புத் திறனும் குறைகின்றன. நன்கு வளர்ந்த மீன்களைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, எஞ்சியவற்றைச் சினை மீன்களாக, அதாவது முட்டையிடுவதற்கான பெற்றோர் மீன்களாக, வைத்துக்கொள்வது இதைவிடக் கெடுதலானது. மெதுவாக வளரும் தன்மையையே அது தலைமுறைதோறும் தேர்ந்தெடுக்கிறது. இதற்கு நேர்மாறான வழியை, விரைவாக வளரும் ரோகு வகையை உருவாக்கிய 'ஜெயந்தி ரோகு' திட்டம் காட்டியது. கங்கை, யமுனை, கோமதி, பிரம்மபுத்திரா, சட்லெஜ் ஆகிய ஆறுகளிலிருந்து மீன்களைத் திரட்டி, பண்ணை மீன்களோடு சேர்த்து, குடும்பவாரியாக வளர்ச்சியைப் பதிவு செய்து தேர்ந்தெடுத்ததால்தான் அந்த இனம் உருவானது. சிறு பொரிப்பகங்களால் அந்த அளவுக்குச் செய்ய இயலாது என்றாலும், சினை மீன்களை எங்கிருந்து, எப்போது வாங்கினோம் என்று பதிவேட்டில் எழுதி வைப்பதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு மூலத்திலிருந்து புது மீன்களைச் சேர்ப்பதும் எவராலும் முடிந்தவையே.

ஒரே வட்டத்தொட்டியில் பல இனங்களை ஒன்றாக முட்டையிட விடுவதையும் தவிர்க்க வேண்டும். அதனால் பிறக்கும் கட்லா-ரோகு கலப்பினக் குஞ்சுகளைச் சிறு வயதில் பிரித்தறிவது கடினம், வாங்குபவர் ஏமாறுகிறார். அவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குஞ்சுகள் வந்த பையைக் குளத்து நீரில் சிறிது நேரம் மிதக்கவிட்டு, வெப்பநிலை சமமான பிறகே அவற்றை வெளியே விட வேண்டும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய தவறு, எந்த ஆற்றில் எந்த இனத்தை விடுகிறோம் என்று பாராமல் குஞ்சுகளை விடுவதும் அதைப் பாதுகாப்பு என்று அழைப்பதுமாகும். காவிரி இதற்கு வேதனையான சான்று. மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் பொரித்து வளர்த்த நீலத்துடுப்பு மகசீர் (பெரிதாக வளரும் ஆற்றுக் கெண்டை வகை) குஞ்சுகள், மகசீர்களைக் காக்கும் நல்லெண்ணத்தோடு, அந்த இனத்துக்கு உரியதல்லாத காவிரியிலும் விடப்பட்டன. தூண்டிலில் பிடித்துத் திரும்ப விடப்பட்ட மீன்களைப் பற்றிய 1998 முதல் 2012 வரையிலான பதிவுகளை ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, வந்தேறிய மீன் பெருகியதையும், காவிரிக்கே உரிய திமில் முதுகு மகசீர் அருகிப்போனதையும் கண்டனர். அந்தப் பூர்வீக மீனின் அறிவியல் பெயரே 2018இல்தான் 'டோர் ரெமாதேவி' என்று உறுதி செய்யப்பட்டது. இன்று அது மிக அருகிய இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. மணல் அள்ளலும், அணைகளும், வெடி வைத்து மீன் பிடிப்பதும் அதற்குக் கேடு செய்தன என்பது உண்மையே; ஆயினும், அந்த ஆற்றில் எது வாழ்கிறது என்று அறிவதற்கு முன்பே வேற்று மீனை விட்டதை அவற்றின் பெயரால் மன்னிக்க என்னால் இயலவில்லை.

ஆகவே ஆற்றில் விடுவதற்கான குஞ்சுகளை அதே ஆற்றுப் படுகையின் இயல்மீன்களிலிருந்து, இயன்றவரை பல பெற்றோரைக் கொண்டு உருவாக்க வேண்டும். விட்ட பிறகு அவை பிழைத்தனவா என்று தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும். திமில் முதுகு மகசீர் எஞ்சியுள்ள, காவிரிப் படுகையைச் சேர்ந்த மோயாறு போன்ற இடங்களில், பொரிப்பகம் கட்டுவதற்கு முன் அங்குள்ள நீரோட்டத்தையும் முட்டையிடும் படுகைகளையும் காப்பதே முதல் வேலை.