திறப்பு விழா முடிந்துவிட்டது, திறப்பு யாரிடம்?

யாழ்ப்பாணத்தில் சாவியைத் திறப்பு என்போம். ஊரில் உடற்பயிற்சிக் கூடமோ நடைபாதையோ சிறுவர் பூங்காவோ அமைக்கிறவர்கள் திறப்பு விழாவுக்கு மாதக்கணக்கில் ஆயத்தம் செய்கிறார்கள். அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கு யார் வந்து படலையைத் திறப்பது என்று ஒருவரும் கதைப்பதில்லை. எங்கள் சனசமூக நிலையத்தின் விளையாட்டுக் குழுவில் சில வருடங்கள் ஓடித்திரிந்தவன் நான். கண்ட பிழைகளில் பலவற்றுக்கும் வேர் இதுதான். அவற்றில் பாதி நாங்களே விட்ட பிழைகள்.

வெளிநாட்டு உறவுகளிடமிருந்து காசு வந்ததும் முதலில் வாங்குவது இரும்பு. திறந்தவெளி உடற்பயிற்சிச் சாதனங்கள் படத்தில் அழகாக இருக்கும். அனுப்பியவருக்குக் காட்டவும் கண்ணுக்குத் தெரிகிற ஒன்று வேண்டும். ஆனால் கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த குடாநாடு இது. உப்புக்காற்று வெல்டிங் பிடித்த இடத்திலும் போல்ற்றிலும்தான் முதலில் ஏறும். மேலே பெயின்ற் பளபளக்க, உள்ளே கறள் தின்னும். கிறீஸ் போட ஆளில்லாமல் ஒரு மாரி போனால் போதும், மிதிக்கிற பலகை ஆடத் தொடங்கும். ஒரு பிள்ளைக்குக் கை வெட்டுப்பட்டால் அன்றோடு எந்தத் தாயும் பிள்ளையை அனுப்பமாட்டாள்.

மின்விளக்குக்கும் இதே கதி. நாங்கள் மைதானத்தைச் சுற்றி விளக்கு நட்டோம். மின்பட்டியலைப் பார்த்துவிட்டு இரண்டாம் மாதமே அணைத்தோம். காசு தருகிறவரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்: நீங்கள் தரும் நூறு ரூபாவில் இருபது வங்கியில் கிடக்கும், கிறீஸுக்கும் போல்ற்றுக்கும் மின்பட்டியலுக்கும். இருபது என்பது என் கணக்கு. உங்கள் ஊருக்கு எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். மாதாமாதம் சிறு தொகை அனுப்பக்கூடிய நாலு பேர், ஒரே தடவையில் பெரிய தொகை தருகிற ஒருவரைவிடத் திட்டத்தைக் கனகாலம் தாங்குவார்கள்.

எங்களுடைய பெரிய தோல்வி பெண்களுக்கு ஒதுக்கிய நேரம். பின்னேரம் ஐந்தரை முதல் ஆறரை வரை மைதானத்தில் பெண்கள் நடக்கலாம் என்று அறிவித்தல் ஒட்டினோம், கோயில் ஒலிபெருக்கியிலும் சொன்னோம். முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள். ஒரு கிழமையில் ஒருவரும் இல்லை. ‘எங்கட பெண்டுகளுக்கு அக்கறையில்லை’ என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, நாங்களும் தலையாட்டினோம். பிறகு ஒழுங்கையில் ஒரு அக்காவைக் கண்டு கேட்டேன்.

“தம்பி, ஐந்தரைக்கு ரியூசன் விடுற நேரம். பிள்ளையை ஆர் ஏத்துறது? அதோட மதிலில பெடியள் வரிசையா இருக்கிறாங்கள். மார்கழியில ஆறு மணிக்கே இருட்டு. ஒழுங்கையில லைற் இல்லை, நாய் மட்டும் கனக்க. ஆம்பிளையள் மட்டும் இருந்து நேரம் வைச்சால் இப்பிடித்தான் வரும்.”

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்கூட இருக்கவில்லை என்பது அவர் சொல்லும்வரை எங்களுக்கு உறைக்கவில்லை. மாதர் சங்கத்தை அழைத்து மறுபடியும் கூட்டம் வைத்தோம். வழி அவர்களே சொன்னார்கள். நிலைய மண்டபத்துக்குப் பக்கத்தில் முன்பள்ளி இருக்கிறது. காலை எட்டரைக்குப் பிள்ளையை விட்டுவிட்டுத் தாய்மார் வாசலில் நின்று கதைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அந்த முக்கால் மணித்தியாலத்தை எடுத்துக்கொண்டோம். மண்டபக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே பெண்கள் மட்டும். பாடசாலைக் காலத்தில் வலைப்பந்து ஆடிய ஒருவர் முன்னால் நின்று செய்து காட்டுவார். வந்த உடுப்போடு செய்யக்கூடிய பயிற்சிகள்தான். மழை நாளிலும் ஆட்கள் வந்தார்கள்.

வலைப்பந்தைச் சும்மா சொல்லவில்லை. 2009இலும் 2018இலும் ஆசியச் சம்பியனான இலங்கை அணியில் ஆடிய தர்ஜினி சிவலிங்கம் எங்கள் மண்ணில் பிறந்தவர். இங்கே பாடசாலைகளில் பெண் பிள்ளைகள் நன்றாகவே ஆடுகிறார்கள். உயர்தரப் பரீட்சை முடிந்ததும் பந்து கையைவிட்டுப் போய்விடுகிறது, ஏனென்றால் ஊரில் உள்ள பெரும்பாலான கழகங்கள் ஆண்களின் கழகங்கள். ஆடத் தெரிந்த எத்தனை பேர் இன்றைக்கு அடுப்படியில் நிற்கிறார்கள் என்று நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. இரண்டு கம்பம், இரண்டு வளையம், ஒரு பந்து. இதைவிட மலிவான திட்டம் எனக்குத் தெரியாது.

இன்னொன்று, சொல்லச் சங்கடமானது. பலகையில் ‘பொது மைதானம்’ என்று எழுதினால் அது பொதுவாகிவிடாது. எந்தக் குறிச்சியில் இருக்கிறது, எந்தக் கோயில் வீதியோரம் இருக்கிறது, கழகத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தே சிலர் வராமல் நின்றுவிடுவார்கள். ‘நாங்கள் ஒருவரையும் மறிக்கவில்லையே’ என்பது மறுமொழி ஆகாது. மற்றக் குறிச்சியின் வீடுகளுக்குப் போய்க் கூப்பிட வேண்டும், குழுவில் இடம் கொடுக்க வேண்டும், தண்ணீர்ப் பானையும் குவளையும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இதைச் செய்யாத திட்டத்துக்கு ஊரின் பெயரை வைக்கக்கூடாது.

இடத்தைப் பற்றி. ஆவணியில் காய்ந்து வெடித்திருக்கும் நிலத்தைப் பார்த்து நடைபாதைக்கு அளவெடுக்காதீர்கள். எங்களுக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக் காற்றோடு வருகிறது. ஒரு கார்த்திகையில் குடையோடு போய் நின்று, வெள்ளம் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்த பிறகு கோடு போடுங்கள். வெள்ள வாய்க்காலை மறித்துப் பாதை போட்டால் பக்கத்து வளவுக்காரர் வழக்கோடு வருவார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும். குளத்தை நிரவி மைதானம் ஆக்குவது அதைவிடப் பெரிய பிழை. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்று நமக்கில்லை. மழைநீர் குளத்தில் தேங்கி, சுண்ணக்கல்லுக்குள் இறங்கித்தான் கிணறுகளுக்கு நன்னீர் தருகிறது. நடக்க வேண்டுமென்றால் குளத்தின் கரையில் நடப்போம். யாழ் நகரத்து ஆரியகுளத்தைச் சுற்றிப் பின்னேரத்தில் எத்தனை பேர் நடக்கிறார்கள், பாருங்கள்.

சிறுவர் பூங்காவில் வர்ணம் பூசிய பழைய ரயர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மழைநீர் தேங்கினால் அவை டெங்கு நுளம்பின் பிறப்பிடம். முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். காய்ந்த ரயரில் ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து, முதல் மழைக்குப் பொரிக்கும். ஆகவே கோடையில் கவிழ்த்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அடியில் துளையிடுங்கள் அல்லது மண் நிரப்பிப் புதையுங்கள்.

காணிப் பத்திரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கோயில் காணியோ தனியார் காணியோ, வாய்ச்சொல்லை நம்பிக் கட்டாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். கழகத்தைப் பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தர் மூலம் பதிவு செய்யுங்கள். காசு ஒருவரின் சொந்தக் கணக்கில் ஒரு நாள்கூடக் கிடக்கக்கூடாது.

சுற்றுப்போட்டிகளைப் பற்றி எனக்குக் கடும் கருத்து உண்டு. கரப்பந்தாட்டத்தில் எங்கள் பக்கத்து ஆட்டமுறையான ஓவர் கேம் போட்டி வைத்தால் ஊரே திரளும், எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். ஆனால் வருடம் முழுக்கச் சேர்த்த காசைப் பரிசுக்கும் ஒலிபெருக்கிக்கும் மூன்று நாளில் செலவழித்துவிட்டு, வெளியூர் ஆட்டக்காரரைக் கூட்டிவந்து வெல்லும்போது நம் பிள்ளைகள் வேலியோரம் நின்று கைதட்டுகிறார்கள். உடம்பு வியர்ப்பது கோட்டுக்குள் நிற்கிறவர்களுக்கு மட்டும். கோட்டுக்கு வெளியே நின்ற அந்தப் பிள்ளைகளுக்குக் கிளித்தட்டுக் கோடு கீறிக் கொடுத்தால் ஒரு சதமும் செலவில்லை.

கடைசியாக, முதியவர்கள். காலையில் வருகிறவர்களில் பலருக்குச் சலரோகமும் பிறசரும் இருக்கும். பயிற்றுவிக்க வருகிற தம்பி தன் உடம்பை நினைத்து அவர்களை ஓடவிடுவதுதான் நான் அதிகம் பயப்படும் பிழை. வளர்ந்தவர்கள் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் இயங்கினால் போதும் என்பது 2020இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதைச் சிறுசிறு துண்டாகவும் செய்யலாம். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு விழாமல் நிற்கும் சமநிலைப் பயிற்சியும் வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் வெறுவயிற்றில் நடக்க வந்தால் இரத்தத்தில் சீனி குறைந்து தலைசுற்றி விழலாம். நிலையத்தில் சீனிப் போத்தல் ஒன்று எப்போதும் இருக்கட்டும். காலில் உணர்ச்சி குறைந்தவரை வெறுங்காலோடு மணலில் நடக்க விடாதீர்கள். நெஞ்சு நோ என்றால் வீட்டுக்குக் கொண்டுபோய் இருத்தாமல் உடனே 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். அந்த எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதிவைத்திருக்கிறோம்.

எங்கள் மண்டபத்துக்கு இப்போது நாலு திறப்பு. ஒன்று முன்பள்ளி ஆசிரியையிடம், ஒன்று வலைப்பந்து ஆடிய அக்காவிடம். இன்னொன்று, விடிய எழும்பிப் பால் வாங்கப் போகும் வழியில் படலையைத் திறந்துவிடும் ஓய்வுபெற்ற தபால்காரரிடம். நாலாவது என் வீட்டுச் சுவர் ஆணியில் தொங்குகிறது. அவர்களில் ஒருவர் ஊரில் இல்லாத நாளில் மட்டும் அதை எடுக்கிறேன்.