ஊருக்குப் போகும்போது சிபில் அறிக்கையையும் சரிசெய்துவிட்டு வாருங்கள்

கோயம்புத்தூரில் அப்பா அம்மாவுக்கு ஒரு வீடு வாங்கலாம் என்று கடன் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. சிங்கப்பூர் சம்பளச் சீட்டு, வேலை அனுமதி, என்ஆர்இ கணக்கு (வெளிநாடு வாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) எல்லாம் சரியாக இருந்தும், நாம் கடனை எப்படிக் கட்டினோம் என்பதை வைத்துப் போடும் சிபில் ஸ்கோர் 600-ஐக்கூடத் தொடவில்லை. ஊரைவிட்டுக் கிளம்பும் முன் நான் முழுப் பாக்கியும் கட்டி, ரத்து செய்யச் சொல்லிக் கடிதம் கொடுத்த ஒரு கிரெடிட் கார்டுதான் காரணம். வங்கி அதை ரத்து செய்யவே இல்லை. ஆண்டுக் கட்டணம், அதற்கு வட்டி, தாமதக் கட்டணம் என்று ஏறி, கடைசியில் 'ரிட்டன் ஆஃப்', அதாவது வாராக்கடன் என்று எழுதிவிட்டார்கள். நோட்டீஸ் எல்லாம் நான் எப்போதோ காலி செய்த வேளச்சேரி வாடகை வீட்டுக்குப் போயிருக்கிறது.

வெளிநாட்டில் நாம் எவ்வளவு ஒழுங்காகக் கடன் கட்டினாலும் இந்திய ஸ்கோரில் அது சேராது. இங்கே விட்டுப்போன கணக்குகளை வைத்துத்தான் 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 750-க்கு மேல் இருந்தால் வங்கிகள் தயங்காமல் பேசும்.

விமானம் ஏறும் முன்பே வேலையைத் தொடங்கிவிடுங்கள். அறிக்கையில் உள்ள பிழை பற்றிய புகாரைத் தீர்க்க ரிசர்வ் வங்கி கொடுத்திருக்கும் கெடு 30 நாள். அதில் திருத்தத்தை அனுப்ப வங்கிக்கு 21 நாள். நம் விடுமுறையோ மூன்று வாரம். ஊருக்குப் போய் இறங்கியபின் புகார் போட்டால் பதில் வருவதற்குள் திரும்பிவிடுவோம். கிளம்புவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே இணையத்தில் புகாரைப் பதிந்துவிட்டால், வங்கி மறுத்தாலும் நேரில் போய்ப் பேச நாள் மிச்சமிருக்கும்.

இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள். ஒன்றில் இருக்கும் பிழை இன்னொன்றில் இல்லாமல் போகலாம். ஓடிபி வர இந்திய எண் உயிரோடு இருக்க வேண்டும். பல மாதம் பயன்படுத்தாத எண்ணை வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம். அப்படியானால் ஊரில் இறங்கியதும் முதல் வேலையாக வங்கிக் கிளைக்குப் போய்ப் புது எண்ணையும் இப்போதைய முகவரியையும் பதிந்துவிடுங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் ஸ்கோரைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். முதலில் பெயரைப் பாருங்கள். தமிழர்களான நமக்குப் பாதிச் சிக்கல் இனிஷியலில்தான். பான் அட்டையில் அப்பா பெயர் விரிவாக, பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயராக, பழைய வங்கிக் கணக்கில் வெறும் 'எஸ். முருகன்' என்று இருக்கும். முருகனும் செந்திலும் ஊருக்கு நூறு பேர். பிறந்த தேதியும் ஒத்துப்போனால் இன்னொருவர் வாங்கிய பைக் கடன் நம் அறிக்கையில் வந்து உட்கார்ந்துவிடும். பான் எண், பிறந்த தேதி, பழைய முகவரிகள் என ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள். நீங்கள் குடியே இருந்திராத ஊரின் முகவரி தெரிந்தால், அதோடு வந்த கடனையும் தேடுங்கள்.

பிறகு கணக்குகள். ஒவ்வொரு கணக்கின் கீழும் 36 மாதக் கட்டங்கள் இருக்கும். 000 என்றால் தாமதமில்லை. 060 என்றால் தவணை 60 நாள் தள்ளிப்போயிருக்கிறது. கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவையில் நிற்கிறதா, ஒரே கடன் இரண்டு முறை வந்திருக்கிறதா, நகைக்கடனை மீட்டது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் இங்கே தெரியும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: சிபில் தானாக எதையும் மாற்றாது. கடன் கொடுத்த வங்கி ஒப்புக்கொண்டால்தான் மாற்ற முடியும். அதனால்தான் நேரில் போவதற்கு இவ்வளவு பலன். பாஸ்போர்ட், பான் அட்டை நகல், கடன் முடிந்ததற்கான என்ஓசி (தடையில்லாச் சான்று), பணம் கட்டிய ரசீது அல்லது அந்தக் காலத்துக் கணக்கு அறிக்கை, பிழையைக் குறித்த சிபில் பக்கம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடிதம் இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். 'ஹெட் ஆபீஸுக்கு அனுப்பிடறோம் சார்' என்று வாயால் சொல்வது எங்கும் பதிவாகாது. என் பழைய ரத்துக் கடிதத்தில் முத்திரை இருந்ததால்தான் என் வாதம் எடுபட்டது. பொங்கல், தீபாவளி வாரங்களிலும் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளிலும் இந்த வேலைக்கு நாள் குறிக்காதீர்கள்.

'செட்டில்டு' என்ற சொல்லில் கவனம் வேண்டும். வங்கி வட்டியைத் தள்ளுபடி செய்து குறைந்த தொகைக்குக் கணக்கை முடித்திருந்தால் அது பிழை அல்ல, உண்மை. மீதியைக் கட்டி என்ஓசி வாங்கி, 'க்ளோஸ்டு' என்று மாற்றச் சொல்லிக் கேட்பதுதான் வழி. உண்மையான தகவலை யாராலும் அழிக்க முடியாது. 'ஒரே வாரத்தில் சிபில் கிளியர்' என்று பேசும் ஏஜென்டுகளிடம் பான் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்துவிடாதீர்கள்; உங்கள் பெயரில் புதுக் கடன் முளைக்க அது போதும்.

வங்கி ஒப்புக்கொண்ட பிறகு திருத்தம் தெரியச் சில வாரம் ஆகலாம். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் மாதம் இருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பதால் முன்னைவிட இப்போது வேகம். புகார் போட்டு 30 நாள் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பதிலே இல்லை அல்லது பதில் நியாயமாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) இணையம் வழியாகவே புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது. கடன் தகவல் நிறுவனங்கள் மீதும் அங்கே புகார் கொடுக்கலாம். இதைச் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ செய்ய முடியும், முத்திரை போட்ட அந்தப் பிரதி கையில் இருந்தால்.

வீட்டுக்கடன் முடித்தவர்கள் அதே பயணத்தில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் வந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிந்து, வில்லங்கச் சான்றில் அடமானம் தீர்ந்ததாக வருகிறதா என்று பாருங்கள்.

கிளம்பும் முன் ஒரு மாலையில் அப்பாவின் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். நம் கல்விக்கடனில் கூட்டாகக் கையெழுத்துப் போட்டவர் பெரும்பாலும் அவர்தான். வேலை கிடைக்காமல் நாம் தவறவிட்ட தவணைகள் அவர் பெயரிலும் பதிவாகியிருக்கும். கடனை அடைத்து வருடக்கணக்காகியும் என் அப்பாவின் அறிக்கையில் அது நிலுவை என்றே நின்றது. அவருக்கு அது தெரியவே தெரியாது. என்ஓசியின் நகலை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை இருவருமாகக் கிளைக்குப் போனோம்.