சாமுவேல் என்றால் ‘தேவன் கேட்டார்’ அல்ல

பிள்ளைக்குச் சாமுவேல் என்று பேரிடும் வீட்டில் யாராவது ஒருவர் உடனே அர்த்தம் சொல்லிவிடுவார்: “தேவன் கேட்டார்.” வேதாகமத்தில் சாமுவேலின் தாய் அன்னாள் பிள்ளை வேண்டி அழுது ஜெபித்தாள், தேவன் கேட்டார், பிள்ளை பிறந்தான். கதைக்கு அச்சாகப் பொருந்துவதால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பியிருந்தேன். எபிரெயத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் இடறியது.

இந்தத் தவறில் பாதி நம்முடையது, பாதி தமிழுடையது. கடையில் விலை கேட்கிறோம், ரேடியோவில் பாட்டும் கேட்கிறோம். நமக்கு இரண்டுக்கும் ஒரே வினைதான். எபிரெயத்தில் அப்படியில்லை. ஒருவரிடம் ஒன்றை வேண்டிக் கேட்பது ஷாஅல். காதால் கேட்பது ஷாமா. இதை மனதில் வைத்துக்கொண்டு 1 சாமுவேல் முதல் அதிகாரத்தைத் தமிழில் மறுபடி வாசித்துப் பாருங்கள். 13-ஆம் வசனத்தில் அன்னாளின் உதடு மட்டும் அசைகிறது, சத்தம் ‘கேட்கப்படவில்லை’. இது ஷாமா. 20-ஆம் வசனத்தில் ‘கர்த்தரிடத்தில் அவனைக் கேட்டேன்’ என்று சொல்லிப் பேரிடுகிறாள். இது ஷாஅல். மூன்றாம் அதிகாரத்தில், சீலோவில் அந்த ராத்திரியில், சிறுவன் சாமுவேல் கர்த்தரிடம் ‘அடியேன் கேட்கிறேன்’ என்கிறான். திரும்பவும் ஷாமா. மூலத்தில் மாறிமாறி வரும் இரண்டு வினைகளும் தமிழில் ஒன்றாகிவிடுகின்றன.

மொழிபெயர்ப்பின் மேல் குறை சொல்ல முடியாது, தமிழில் அதுதான் சரியான சொல். ஆனால் அன்னாள் சொன்னது ‘நான் கேட்டேன்’. கேட்டவள் அவள். நாம்தான் அதை ‘அவர் கேட்டார்’ என்று திருப்பிக்கொள்கிறோம்.

சரி, அவள் சொன்னதை விட்டுவிட்டுப் பெயரின் எழுத்துகளை மட்டும் பார்ப்போம். 119-ஆம் சங்கீதத்தை எட்டு எட்டு வசனமாகப் பிரித்து ஆலெப், பேத் என்று 22 எழுத்துகளைத் தலைப்பாகப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எழுத்துகளில் சாமுவேலின் பெயர் ஷீன், மேம், வாவ், ஆலெப், லாமேத் என்று ஐந்து. கேட்பதைக் குறிக்கும் ஷாமா ஷீன், மேம், ஆயின் என்று முடியும். தொண்டையின் அடியிலிருந்து வரும் அந்த ஆயின் சாமுவேலின் பெயரில் இல்லவே இல்லை. பழைய பெயர்ப் பட்டியல்கள் சிலவற்றில் ‘தேவன் கேட்டார்’ என்று இருக்கும். ஆயின் தேய்ந்து போய்விட்டது என்று அதற்குச் சமாதானமும் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஏனென்றால் உண்மையிலேயே ‘தேவன் கேட்கிறார்’ என்று பொருள்படும் பெயர் வேதாகமத்தில் வேறு ஒருவருக்கு இருக்கிறது, அதில் ஆயின் பத்திரமாக நிற்கிறது. அவர் இஸ்மவேல். ஆதியாகமம் 16:11-இல் அவருடைய தாய் ஆகாரின் துயரத்தைக் கர்த்தர் கேட்டதால் அந்தப் பெயர். சிமியோனும் அதே ஷாமா குடும்பம்தான்; தான் அற்பமாய் எண்ணப்பட்டதைக் கர்த்தர் கேட்டார் என்று லேயாள் வைத்த பெயர் அது. சாமுவேலுக்கு நாம் சொல்லும் அர்த்தம் ஆகாரின் பிள்ளைக்கு உரியது.

அப்படியானால் சாமுவேல் என்பதற்கு என்னதான் பொருள்? ஷேம் என்றால் பெயர், நாமம். நோவாவின் மகன் சேமின் பெயரும் அந்தச் சொல்தான். ஏல் என்றால் தேவன். இரண்டும் சேர்ந்தால் ‘தேவனுடைய நாமம்’. நடுவில் இருக்கும் ‘உ’வை ‘அவருடைய’ என்று எடுத்து ‘அவருடைய நாமம் ஏல்’ என்றும் சொல்வார்கள். அது பழைய வேற்றுமை விகுதியின் மிச்சமாகவும் இருக்கலாம். யாக்கோபு போராடிய இடத்தின் பெயர் எபிரெயத்தில் அடுத்தடுத்த வசனங்களிலேயே பெனியேல் என்றும் பெனூவேல் என்றும் வருகிறது. அங்கே ‘உ’ வந்ததால் பொருள் மாறவில்லை.

இங்கே அடுத்த தவறுக்கு வழி திறக்கிறது. ‘தேவனுடைய நாமம்’தான் பொருள் என்றால் அன்னாள் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று சிலர் பதறுவார்கள். வேறு சிலர் அவள் வார்த்தையையே பிடித்துக்கொண்டு, சாமுவேல் என்றால் ‘கேட்டுப் பெற்றவன்’ என்று அகராதிக்குள் எழுதிவிடுவார்கள். வேதாகமத்தில் பேரிடும்போது சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒலி விளையாட்டு. சொற்பிறப்பைப் பிரித்துக் காட்டுவது அதன் வேலை இல்லை. நம் தலபுராணங்கள் ஊர்ப்பெயருக்குக் கதை சொல்வது மாதிரிதான். பாபேலை ‘குழப்பம்’ என்று ஆதியாகமம் விளக்குகிறது. பாபிலோனியரோ தங்கள் ஊரை ‘தேவனுடைய வாசல்’ என்ற பொருளில் வழங்கினார்கள். கதை தன் பங்குக்கு ஒரு சிலேடை செய்கிறது, அவ்வளவுதான்.

அன்னாள் கதையில் வரும் சிலேடை சாதாரணமானதும் அல்ல. முதல் அதிகாரத்தின் 17, 20, 27, 28 வசனங்களில் ஷாஅல் திரும்பத் திரும்ப வருகிறது. 28-இல் பிள்ளையைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்கும்போது ‘அவன் கேட்கப்பட்டவன்’ என்பதற்கு மூலத்தில் இருக்கும் சொல் ஷாவூல். எழுத்துக்கு எழுத்து அது இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலின் பெயர். இந்தப் பிறப்புக் கதையே முதலில் சவுலுடையதாக இருந்திருக்கும் என்று வாதாடிய அறிஞர்கள் உண்டு. எனக்கென்னவோ, எழுதியவர் தெரிந்தே வைத்த பொடி என்றுதான் தோன்றுகிறது. ஒன்பதாம் அதிகாரத்தில் மேடை ஏறப்போகிறவனின் பெயரை முதல் அதிகாரத்திலேயே தாயின் வாயில் போட்டுவிடுகிறார். ‘தேவன் கேட்டார்’ என்று சொல்லிவிட்டுப் போகும் வாசகருக்கு இது கண்ணில் படவே படாது.

இனி வேல். முருகனின் வேலுக்கும் சாமுவேலுக்கும் சம்பந்தம் உண்டென்று நம்புகிற கட்டுரைகளை நீங்களும் பார்த்திருக்கலாம். இந்த ‘வ்’ எபிரெயம் தந்ததல்ல, தமிழ் இலக்கணம் தந்தது. சாமு + ஏல் என்று இரண்டு உயிர் மோதும்போது உடம்படுமெய் வந்து நிற்கிறது. அ, ஆ, உ போன்றவற்றுக்குப் பின் வ், இகரத்துக்குப் பின் ய். அதனால்தான் இம்மானுவேல், இஸ்ரவேல், மிகாவேல் எல்லாம் வேலோடும், தானியேலும் காபிரியேலும் வேல் இல்லாமலும் வருகிறார்கள். எல்லாருக்கும் கடைசியில் இருப்பது அதே ஏல். இதே மாதிரி அன்னாளின் ‘ள்’ளும் நம்முடையது, எபிரெயத்தில் அவள் ஹன்னா, கிருபை.

முதல் எழுத்திலும் ஏமாறலாம். எபிரெயப் பெயர் ஷெமூவேல் என்று தொடங்கும். கிரேக்கத்தில் ‘ஷ’ இல்லாததால் அங்கே அது ‘ச’ ஆனது. அந்த வழியாகத்தான் ‘சா’ நமக்கு வந்தது. ஆங்கில ஸ்பெல்லிங்கை வைத்து நியூமராலஜி பார்ப்பவர்கள் எந்தப் பெயருக்குக் கூட்டல் போடுகிறார்கள் என்று கேட்கத் தோன்றும்.

கடைசியாக, பெயரின் அர்த்தமே பிள்ளையின் எதிர்காலம் என்று பேசுவது. இதற்குச் சாமுவேலின் வீட்டிலேயே பதில் இருக்கிறது. மூத்த மகன் யோவேல், ‘யாவே தேவன்’; யாவே என்பது கர்த்தரின் எபிரெயப் பெயர், அதன் சுருக்கம் யா. இளையவன் அபியா, ‘யா என் தகப்பன்’. இதைவிடப் பக்தியான பெயர்களைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்த இருவரும் லஞ்சம் வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள் என்கிறது எட்டாம் அதிகாரம். மூப்பர்கள் ராமாவுக்கு வந்து, உம்முடைய பிள்ளைகள் சரியில்லை, எங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்றார்கள். ஜனங்கள் கேட்டதை அங்கே சொல்வதும் ஷாஅல்தான். அவர்கள் சொல்லைக் கேள் என்று கர்த்தர் சாமுவேலுக்குச் சொன்னது ஷாமா. கிடைத்த ராஜாவின் பெயர் சவுல்.