பாக்கெட்டை மாற்றினால் போதுமா?

"இனிமேல் கடைத் தீனி கிடையாது, சத்தானதைத்தான் சாப்பிடப் போகிறோம்" என்று முடிவெடுத்த வீட்டில் முதலில் என்ன நடக்கும்? மைதா பிஸ்கட் டப்பாவில் ராகி பிஸ்கட் வந்து உட்காரும். சாதா நூடுல்ஸ் போய் சிறுதானிய நூடுல்ஸ் வரும். செலவு கூடியிருக்கும், சாப்பாடு அப்படியேதான் இருக்கும். நான் பார்த்தவரை அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான்.

பாக்கெட்டின் முன்பக்கத்தில் கம்பங்கதிர் படம் போட்டிருப்பார்கள். அதை விடுங்கள், திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அதனால் முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பாதி கதை தெரிந்துவிடும். 'ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர்' என்று முதலில் இருந்தால், அது மைதாவேதான். கம்போ வரகோ எத்தனை சதவீதம் என்று பெரும்பாலும் பக்கத்திலேயே போட்டிருக்கும். சர்க்கரை வரிசையில் கீழே இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். லிக்விட் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப் என்று வேறு பெயர்களிலும் அது பிரிந்து உட்கார்ந்திருக்கும்; எல்லாவற்றையும் கூட்டினால் மேலே ஏறிவிடும். பிரவுன் பிரெட்டின் சேர்மானப் பட்டியலில் 150 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்தால் அது கேரமல் நிறமி. அந்தப் பழுப்பு நிறம் தவிட்டிலிருந்து மட்டும் வரவில்லை.

உப்புக்கு ஒரு சின்னக் கணக்கு. சோடியம் அளவை இரண்டரையால் பெருக்குங்கள். 800 மில்லிகிராம் என்றிருந்தால் 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொடுத்திருக்கும் கணக்கு எத்தனை கிராமுக்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் நூறு கிராம் இருக்கும், கணக்கு முப்பது கிராமுக்கு இருக்கும். பிரித்த பிறகு முப்பது கிராமோடு யார் நிறுத்துகிறார்கள்?

சரி, புரோட்டீனும் நார்ச்சத்தும் சேர்த்த பாக்கெட் என்றால் பரவாயில்லையா? அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. 20 பேருக்கு இரண்டு வாரம் தொழிற்சாலை உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறக்குறைய சமம்; வேண்டுமளவு சாப்பிடலாம். தொழிற்சாலை உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட வேகமும் கூடியிருந்தது. ஆக, சத்துப் பட்டியல் ஒன்றுபோல இருந்தாலும் சாப்பிடும் அளவு ஒன்றுபோல இருப்பதில்லை.

இதைக் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்களும் உண்டு. மில்லைத் தொட்டதெல்லாம் விஷம், அயோடின் உப்பும் வேண்டாம் என்பார்கள். அரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சென்னை மாகாணத்தின் தெலுங்குக் கடலோர மாவட்டங்களில், மில்லில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டவர்களிடம் நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய் இருந்தது. தவிட்டோடு பி1 வைட்டமினும் போய்விட்டதுதான் காரணம். புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள், ஏனென்றால் நெல்லை வேகவைக்கும்போதே அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுக்குவதும் பதப்படுத்தல்தானே. தானியத்துக்கு என்ன செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்று கேட்டால் போதும்.

நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். செக்கு எண்ணெயில் பொரித்தாலும் பஜ்ஜி பஜ்ஜிதான். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

கடைசியாக, யாரும் வாய்விட்டுச் சொல்லாத தவறு ஒன்று. "எல்லாம் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்" என்று கணவர் அறிவிப்பார், மாவு அரைப்பதும் முறுக்கு பிழிவதும் மனைவி தலையில் விழும். ஒரு மாதத்தில் பழைய பாக்கெட்டே திரும்பி வரும். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்குக் கொடுக்க நேரமில்லாமல்தான் அது வீட்டுக்குள் வந்தது. அந்த இடத்தில் அடுப்பு கேட்காததை வையுங்கள்: வாழைப்பழம், பொட்டுக்கடலை, தேங்காய்த் துருவலோடு ஊறவைத்த அவல். சுண்டலுக்குக் கடலையை முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும். அதை யார் போடுவது என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.